வெள்ளத்தில் நின்ற மாருதி 800: சக்கரத்தில் ஊளைச் சத்தம், பிரேக் இடப்பக்கம் இழுக்கிறது

ஊத்தங்கரை 800:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 2001-இல் வாங்கிய மாருதி 800 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, ஆனால் சக்கரம் பாதிக்கு மேல் தண்ணீரில். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆயில் மாற்றி, சீட்டைக் காயவைத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டோம்.

இப்போது தொல்லை ஒன்றல்ல. 40 கி.மீ. வேகம் தாண்டியதும் கீழேயிருந்து ஊ...ஊ என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது. நியூட்ரலில் போட்டாலும் நிற்கவில்லை. அப்புறம் பிரேக். முதல் மிதிக்குப் பெடல் ரொம்ப கீழே போகிறது, உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இரண்டு பேரிங், டிஸ்க், பேட், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற பாகம்) எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். எது கெட்டிருக்கிறது என்று தெரிந்து மாற்ற ஆசைப்படுகிறேன். அம்மாவை சேலம் ஆஸ்பத்திரிக்கு மஞ்சவாடி கணவாய் வழியாகத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பிரேக்கில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் போக மனசு வரவில்லை.

பாலக்கோடு ஆம்னி:

முதலில் டயரைப் பாருங்க. டயர் மேல் உள்ள பூ (வரிகள்) மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அச்சு அசலாக இதே சத்தம் வரும். முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாற்றிப் போட்டு ஓட்டுங்க. சத்தம் இடம் மாறினால் டயர்தான்.

காவேரிப்பட்டணம் பட்டறை:

தம்பி, நல்லதாகப் போயிற்று கேட்டது. பாலக்கோட்டுக்காரர் சொன்ன டயர் சோதனையை முதலில் செய்யுங்க, செலவில்லாத வேலை. சத்தம் மாறவில்லை என்றால் மேலே போகலாம்.

காலியான ரோட்டில் 50-இல் போய், ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று ஒடியுங்க. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் முழுக்க இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் கெட்டது இடப்பக்கம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கம். பாதிப் பேர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றிப் போடுகிறார்கள். முழு ஒடிப்பில் கட கட என்று தட்டினால் அது பேரிங் இல்லை, ஆக்சில் ஜாயின்ட்.

பக்கம் தெரிந்ததும் ஜாக்கி போட்டுத் தூக்குங்க. மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையையோ தலையையோ விடக்கூடாது, ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரக்கட்டை தேவலை.

சக்கரத்தின் மேலேயும் கீழேயும் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. மிதித்ததும் ஆட்டம் போனால் பேரிங். போகவில்லை என்றால் பால் ஜாயின்ட்டோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ. முன்சக்கரத்தில் இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) பக்கம் போங்க.

ஆனால் ஒன்று, ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கும். அதற்கு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்க. நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதென்றால் ஸ்பிரிங் வழியாக ஒரு கரகரப்பு விரலுக்கு ஏறும். காது ஏமாறும், இது ஏமாற்றாது. பின்சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் செய்யுங்க. நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்க.

ஊத்தங்கரை 800:

செய்து பார்த்தேன் அண்ணா. டயர் மாற்றியும் சத்தம் அப்படியே. வலப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது, இடப்பக்கம் ஒடித்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. முன் இடதில் ஆட்டமும் இல்லை, கரகரப்பும் இல்லை. பின் இடதில் ஆட்டம் தெரியவில்லை, ஆனால் ஸ்பிரிங்கில் கை வைத்ததும் மணல் அரைபடுவது நன்றாகத் தெரிகிறது. முன்பக்கம் இரண்டு பேரிங்கும் போயிற்று என்று சொன்னார்களே?

காவேரிப்பட்டணம் பட்டறை:

வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டால் பின்பக்கச் சத்தம் முன்னாடி வருவது போலவும் இருக்கும், முன்பக்கச் சத்தம் பின்னாடி வருவது போலவும் இருக்கும். தகடு முழுக்க ஓடி வருகிற சத்தம் அது. கை சொன்னதை நம்புங்க. பின் இடது டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் கிண்ணத்தைத் திறங்க.

800-இல் பின்பேரிங் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நடுமூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, புல்லர் (டிரம்மை இழுத்தெடுக்கிற கருவி) போட்டு இழுத்தால் டிரம்மும் பேரிங்கும் சேர்ந்து வரும். எப்படியும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ கண்ணெதிரே வந்துவிடும். உங்கள் பிரேக் தொல்லையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன சோதனை: ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் தூக்கி வைத்துக்கொண்டு, நின்ற வண்டியில் பிரேக் பெடலை மிதியுங்க. பெடல் வழக்கத்தை விட மேலேயே நின்றால் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லாதீங்க. பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஓசூர் லேத்:

பேரிங் பற்றி நானும் சொல்ல வேண்டும். பட்டறைகளிலிருந்து டிரம்மும் நக்கிளும் (முன்சக்கரப் பேரிங் உட்காருகிற பாகம்) பிரஸ் போட எங்கள் லேத்துக்கு வந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் திரும்பி வருகிற வேலைகளில் பெரும்பாலும் பேரிங் குற்றம் இருக்காது, போட்ட விதம்தான் குற்றம்.

பேரிங்குக்கு வெளி வளையம், உள் வளையம், நடுவில் பந்து. டிரம்முக்குள் இறக்கும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தின் மேல் அடித்தாலோ அழுத்தினாலோ அந்த விசை முழுக்கப் பந்து வழியாகப் போய், பந்து உட்கார்ந்த இடமெல்லாம் ஓடுதடத்தில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாத குழி. புதுப் பேரிங் முதல் நாளிலிருந்தே ஊளையிடும். தண்டின் மேல் ஏற்றும்போது இதே விதி திரும்பிவிடும், அங்கே உள் வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்து ஒருபக்கமாகத் தட்டி இறக்குவது வேண்டவே வேண்டாம். பிரஸ் இல்லாத ஊரில் இருந்தால், வெளி வளைய அளவுக்கு ஒரு குழாய்த் துண்டோ சாக்கெட்டோ வைத்து நேராக இறக்குங்க. பேரிங்கை இரவு முழுக்க பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, டிரம்மைக் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கினால் பாதி வேலை தானே நடந்துவிடும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டாதீங்க.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். அதைச் சாதாரணமாக நினைக்காதீங்க. நட்டை முறுக்கும்போது உள் வளையம் இரண்டும் அந்த ஸ்பேசர் மேல்தான் இறுகுகின்றன, பந்துகள் மேல் பாரம் வருவதில்லை. ஸ்பேசர் விட்டுப்போனாலோ, தேய்ந்து குட்டையானதைப் போட்டாலோ, நட்டு இறுக இறுகப் பந்து நசுங்கும். கொஞ்ச தூரத்திலேயே டிரம் கொதிக்கும். அதனால் கழற்றியதும் ஸ்பேசரின் இரண்டு முகத்தையும் பாருங்க. முகம் அடிபட்டிருந்தால் புதிது.

வாங்கும்போது பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுபோங்க. வளையத்தில் பொறித்த எண்ணை எழுத்து விடாமல் ஒத்துப்பாருங்க. பின்னால் வருகிற எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. இரண்டு பக்கமும் ரப்பர் மூடியா, தகரமா, திறந்ததா என்பதை அது சொல்லும். சி3 என்று இருந்தால் உள்ளே சாதாரணத்தை விடத் தளர்வு கொஞ்சம் கூடுதல். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி எதுவாக இருந்தாலும் சரி, போலி நிறைய சுற்றுகிறது. பொறிப்பு மங்கலாகவோ அச்சு மாதிரி விரலில் தேய்த்தால் அழிவதாகவோ இருந்தால் வாங்காதீங்க. பில் கொடுக்கிற கடையில் வாங்குங்க.

அஞ்செட்டி ஜீப்:

எங்கள் பழைய மஹிந்திரா ஜீப்பில் முன் ஹப்புக்கு (சக்கரம் மாட்டுகிற மையத்துக்கு) டேப்பர் ரோலர் பேரிங். நட்டை இறுக்கிக்கொண்டே ஹப்பைச் சுற்றி, ரோலர் சரியாக உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்த்தி, ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் வைத்து லாக் வாஷரை மடக்குவோம். நீங்கள் ஸ்பேசர் மேல் இறுகும்படி நட்டை முறுக்கச் சொல்கிறீர்களே, பேரிங் பிடித்துக்கொள்ளாதா?

ஓசூர் லேத்:

நல்ல கேள்வி. உங்கள் ஜீப்பில் இருப்பது நட்டினால் சரிசெய்கிற பேரிங். கூம்பு வடிவம் என்பதால் முறுக்க முறுக்க இடைவெளி குறையும், அதனால் நீங்கள் செய்வது முற்றிலும் சரி. 800-இல் இருப்பது பந்து பேரிங், நடுவில் ஸ்பேசர். அங்கே அளவைத் தீர்மானிப்பது ஸ்பேசர். நட்டு முழு முறுக்கில் இருக்க வேண்டும், மேனுவலில் போட்ட டார்க்கில். ஜீப் பழக்கத்தில் அதைத் தளர்த்தி வைத்தால் உள் வளையம் தண்டின் மேல் நழுவிச் சுற்றி, தண்டையே தேய்த்துவிடும். அப்புறம் தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

ஊத்தங்கரை 800:

ஹேண்ட் பிரேக் சோதனை செய்தேன். இரண்டு பல் தூக்கியதும் பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது! மாஸ்டர் சிலிண்டர் தப்பித்தது.

காவேரிப்பட்டணம் பட்டறை:

இன்னும் ஒன்று பார்த்துவிட்டு அப்படிச் சொல்லுங்க. பெடலை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்திருங்க. கால் மெல்ல மெல்ல கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் விடுகிறது. இறங்காமல் நின்றால் தப்பித்தது. பெடல் ரப்பர் பந்து போல மெத்தென்றிருந்தால் லைனில் காற்று. கல் மாதிரி இறுகி, மிதித்தும் பிடிக்கவில்லை என்றால் பூஸ்டர் (கால் மிதிக்குப் பலம் கூட்டுகிற பாகம்) உள்ள வண்டிகளில் வேக்குவம் குழாயைப் பாருங்க. இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து மிதி மிதித்து, காலை அழுத்தி வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் நலம்.

இடப்பக்கம் இழுக்கிறதே, அதற்கு எல்லோரும் இடப்பக்கச் சக்கரத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். இடது நன்றாகப் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை என்பதால்தான் பெரும்பாலும் இடப்பக்கம் போகும். தண்ணீரில் நின்ற வண்டி என்பதால் முன் வலது காலிபரை (பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற பாகத்தை) கழற்றிப் பாருங்க. காலிபர் நகர்ந்து ஓடுகிற ஸ்லைடு பின் துரு ஏறி ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பிஸ்டன் இறுகியிருக்கும். கழற்றின காலிபரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீங்க, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்க.

தொப்பூர் வழி லாரி:

இங்கே பேரிங் பேச்சே அதிகமாகப் போகிறது. நான் பிரேக் ஆயிலைக் கேட்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு மாற்றினீர்களா?

நான் பல வருடமாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓட்டுகிறேன். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது தொப்பூர் கணவாய் நீளமான இறக்கம். அங்கே பிரேக் போன வண்டி முன்னால் போகிற வண்டிகளின் மேல் போய் ஏறுவதை ஆண்டு தவறாமல் பார்க்கிறோம். லாரிக்குக் காற்று பிரேக், உங்கள் காருக்கு ஆயில் பிரேக், ஆனால் சூடு இரண்டுக்கும் பொது. கால் எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் ஷூ மேல் ஒட்டியிருக்கிற லைனர் சூடாகிப் பிடிமானம் போகும். காரில் கூடுதலாக ஒரு ஆபத்து: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறினபின் அளவு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. ஈரம் ஏறின ஆயில் வீல் சிலிண்டரில் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிற பாகத்தில்) கொதித்தால் லைனுக்குள் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆறினபின் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், பட்டறையில் காட்டினால் ஒன்றுமில்லை என்பார்கள்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சாவியையும் நிறுத்தி இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு மொத்தமும் உங்கள் கால் பலம்தான். தயவுசெய்து யாரும் செய்யாதீங்க.

அரூர் ஆசிரியர்:

லாரி அண்ணன் சொன்னது உண்மை. மஞ்சவாடி கணவாயிலும் அதே கதைதான். ஒரு சந்தேகம்: டாட் 5 போட்டால் ஈரமே உறிஞ்சாதாமே, அதை ஊற்றினால் என்ன?

காவேரிப்பட்டணம் பட்டறை:

வேண்டாம் சார். டாட் 5 சிலிக்கான் வகை, டாட் 3, டாட் 4-உடன் கலக்காது. உள்ளே போன ஈரம் கரையாமல் ஒரு மூலையில் தண்ணீராகவே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 3 அல்லது டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். திறந்து வைத்த பாதி டப்பாவைப் பிறகு ஊற்றாதீங்க. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்க.

ஊத்தங்கரை 800:

நேற்று பின் இடது டிரம்மை இழுத்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

நடுமூடியைத் தட்டியதும் உள்ளே கிரீஸ் இல்லை, பால் டீ நிறத்தில் ஒரு குழம்பு. வெளிப் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி விரலில் மாட்டிச் சுற்றினால் கரகரவென்று நின்று நின்று சுற்றுகிறது. வெயிலில் பிடித்து உள் வளையத்தைப் பார்த்தேன். ஓடுதடத்தில் சம இடைவெளியில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள், பந்துக்கு ஒன்று வீதம். வண்டி அசையாமல் நின்ற நாட்களில் பந்து தொட்டுக்கொண்டிருந்த இடங்களில்தான் தண்ணீர் தங்கித் துரு அரித்திருக்கிறது. அந்தக் கோடு ஒவ்வொன்றின் மேலும் பந்து ஏறி இறங்கினதுதான் நான் கேட்ட சத்தம்.

டிரம்முக்குள் ஷூ படிந்திருந்த வடிவத்தில் பிறைபோலத் துரு. ஓரத்தில் நகம் தடுக்குகிற அளவுக்கு வரம்பு. ஷூவின் ஒரு முனையில் லைனருக்கும் இரும்புக்கும் நடுவில் துரு புகுந்து, ஸ்க்ரூ டிரைவர் நுனி வைத்தால் லைனர் தூக்குகிறது. தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் அசையவே இல்லை. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாக விலக்கினேன், உள்ளே ஈரம்.

முன் வலதில் மேல் ஸ்லைடு பின் கையால் இழுக்க வரவில்லை. உள்பக்கப் பேட் பாதி தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கப் பேட் ஏறக்குறைய புதிது போல இருக்கிறது.

பாலக்கோடு ஆம்னி:

ஷூவில் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவி, மேலே கொஞ்சம் எரித்தால் சரியாகிவிடும். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

காவேரிப்பட்டணம் பட்டறை:

செய்வார்கள், தெரியும். செய்யக்கூடாது. லைனர் உறிஞ்சின ஆயில் மேலே மட்டும்தான் எரியும். சூடு ஏறும்போது உள்ளிருந்து மறுபடி வெளியே வரும், அதுவும் இறக்கத்தில். தம்பி விஷயத்தில் பேச்சே இல்லை, லைனர் பெயர்ந்த ஷூ டிரம்முக்குள் கழன்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒரு ஆக்சிலுக்கு உள்ள நான்கு ஷூவையும் சேர்த்து மாற்றுங்க. ஒருபக்கம் மட்டும் புதிது போட்டால் பின்பக்கம் இழுக்கும்.

டிரம்மில் உள்ள தூசியை வாயாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதாதீங்க. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியில் துடையுங்க. டிரம்மைக் கடைசல் பிடிக்கலாம், ஆனால் உள்ளே அச்சிட்ட அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் புது டிரம்.

வீல் சிலிண்டர் ஈரம் என்றால் உள்சுவரைப் பாருங்க. குழி விழுந்திருந்தால் கிட் (உள்ளிருக்கிற ரப்பர்கள்) மட்டும் போடுவது வீண், முழுசாக மாற்றுங்க. ரப்பரை மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ் எதிலும் காட்டாதீங்க, ஊதிப்போகும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்க. ஸ்லைடு பின்னுக்கும் அதே பேச்சு. வீல் பேரிங் கிரீஸைத் தடவினால் அதன் உறை ரப்பர் ஊதி, பின் இன்னும் இறுகும். அதற்கென்று பிரேக் கிரீஸ் சின்ன டியூபில் வருகிறது.

தொப்பூர் வழி லாரி:

வலப்பக்கப் பின்பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்க. இரண்டும் ஒரே தண்ணீரில்தானே நின்றன.

ஓசூர் லேத்:

இதில் எனக்கு வேறு கருத்து. ஷூ, பேட் எல்லாம் ஜோடியாக மாற்ற வேண்டும், பேரிங்குக்கு அந்த விதி கிடையாது. சாதாரணமாக நல்ல பேரிங்கைக் கழற்றினாலே கெடும், ஏனென்றால் இழுக்கும்போது பந்து வழியாகத்தான் விசை போகிறது.

தொப்பூர் வழி லாரி:

நீங்கள் சொல்வது நல்ல வண்டிக்கு. இது தண்ணீரில் நின்ற வண்டி. வலப்பக்கம் இன்று ஊளையிடவில்லை, மூன்று மாதம் கழித்து ஊளையிடும். எப்படியும் ஷூ மாற்ற அந்த டிரம்மை இழுத்தே ஆக வேண்டும்.

ஓசூர் லேத்:

டிரம்மை இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். இழுக்கும்போதே உள் வளையம் சில சமயம் தண்டிலேயே தங்கிப் பேரிங் பிரிந்துவிடும். இந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் போடுங்க. முன்பேரிங்கைத் தொட வேண்டாம். சத்தம் கொடுத்தால் பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் ரப்பர் மூடின பேரிங் வந்தால் கழுவாதீங்க, மூடியைத் தூக்கிக் கூடுதல் கிரீஸ் திணிக்காதீங்க. திறந்த பேரிங் வந்தால் மட்டும் லித்தியம் வீல் பேரிங் கிரீஸைப் பந்துகளுக்கு நடுவில் நன்றாக ஏற்றி, மீதி இடத்தில் பாதியாவது காலியாக விடுங்க. நிரம்ப அடைத்தால் கடைந்து கடைந்து சூடாகி, சீலைத் தாண்டி ஷூ மேல் வழியும். சீலும் புதிது, ஸ்பிளிட் பின்னும் புதிது. மடக்கின பழைய பின்னை மறுபடி போடாதீங்க. ஜாக்கியில் தொங்குகிறபோது இறுதி முறுக்கு வேண்டாம், சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு டார்க் ரெஞ்சில் முறுக்குங்க. பின்னை மாட்டும்போது ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை முன்னுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், பின்னுக்குத் தளர்த்தக்கூடாது.

காவேரிப்பட்டணம் பட்டறை:

ஏர் எடுக்கும்போது, அதாவது லைனிலிருந்து காற்றை வெளியேற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்து ஏர் எடுக்காதீங்க. மாஸ்டர் சிலிண்டரில் கப் இத்தனை வருடம் போகாத பகுதியில் அழுக்கும் துருவும் இருக்கும், அங்கே போய் உரசினால் நல்ல கப் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டு மிதியுங்க. நிப்பிளுக்கு (சக்கரத்தில் காற்றை வெளிவிடத் திறக்கிற திருகுக்கு) முந்தின நாளே துரு ஆயில் விட்டு வையுங்க. ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்க, வாய் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பது பொது வழக்கம், வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. சில வண்டிகளில் வரிசை மாறும், உங்கள் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்க. நிப்பிளை மூடினபிறகுதான் மிதித்த காலை எடுக்க வேண்டும். பழுப்பு போய்த் தெளிந்த ஆயில் வருகிறவரை நிறுத்தாதீங்க.

ஊத்தங்கரை 800:

வேலை முடிந்தது. பின்பக்கம் இரண்டு டிரம்முக்கும் பேரிங், சீல், நான்கு ஷூ, இரண்டு வீல் சிலிண்டர். டிரம் இரண்டையும் கிருஷ்ணகிரியில் கடைசல் பிடித்தேன், அளவுக்குள்தான் இருக்கிறது. பேரிங்கை அங்கேயே பிரஸ்ஸில் இறக்கினார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன். முன் வலது ஸ்லைடு பின்னைப் புதிதாகப் போட்டு இரண்டு பக்கமும் பேட் மாற்றியாயிற்று. காலிபர் பிஸ்டனில் துரு இல்லை. ஆயில் முழுக்க மாற்றினேன், முதலில் வந்தது காபி டிகாக்ஷன் நிறம்.

சத்தம் சுத்தமாகப் போயிற்று. பெடல் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. கையை விட்டுப் பிடித்தாலும் வண்டி நேராக நிற்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். அரூர் வரை போய்வந்து இறங்கிப் பார்த்தால் பின் இடது டிரம் மட்டும் சூடு. வலப்பக்கம் வெதுவெதுப்பு, இடப்பக்கம் கை வைக்க முடியவில்லை. பேரிங் இறுக்கமாகிவிட்டதா?

ஓசூர் லேத்:

ஜாக்கி போட்டுச் சுற்றிப் பாருங்க. சரசரவென்று உரசும் சத்தத்தோடு சுற்றினால் ஷூ. சத்தமில்லாமல் கனமாகச் சுற்றினால் பேரிங். சூடு நடுவில் அதிகமா, ஓரத்தில் அதிகமா என்றும் பாருங்க. பேரிங் என்றால் நடுவில்தான் கொதிக்கும்.

ஊத்தங்கரை 800:

ஓரத்தில்தான் சூடு. உரசல் சத்தம் இருக்கிறது.

காவேரிப்பட்டணம் பட்டறை:

அப்படியானால் ஹேண்ட் பிரேக் கேபிள். உறைக்குள் துரு ஏறி, லீவரை இறக்கினாலும் கேபிள் முழுசாகத் திரும்பவில்லை. லீவர் பக்கம் கேபிள் நட்டைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்க. லேசாகச் சுற்றினால் கேபிளேதான். அப்படியும் உரசினால் நிப்பிளைத் திறந்து பாருங்க. திறந்ததும் சக்கரம் விடுபட்டால் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஹோஸ் மாற்ற வேண்டும்.

ஊத்தங்கரை 800:

கேபிள்தான் அண்ணா! தளர்த்தியதும் விட்டுவிட்டது. புதுக் கேபிள் போட்டாயிற்று, இப்போது இரண்டு டிரம்மும் ஒரே வெதுவெதுப்பு. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு மஞ்சவாடி வழியாக சேலம் போய்வந்தோம், இரண்டாம் கியரில் இறங்கினேன்.

தொப்பூர் வழி லாரி:

சந்தோஷம் தம்பி. புது ஷூவும் பேடும் பதிய சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை அழுத்திப் பிடிக்கிற வேகத்தில் போகாதீங்க, முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்க. ஆயில் மட்டத்தை வாரம் ஒருமுறை பாருங்க. குறைந்தால் ஊற்றுவதற்கு முன் எங்கே போகிறது என்று தேடுங்க.

பாலக்கோடு ஆம்னி:

இழையைப் படித்தபின் பயம் வந்துவிட்டது. சின்னாறு பக்கம் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது ஆம்னியை இறக்கி ஏற்றிப் போவது மழைக்காலத்தில் வழக்கம். நானும் டிரம்மைத் திறக்க வேண்டுமா?

காவேரிப்பட்டணம் பட்டறை:

ஓடி வந்த சூட்டோடு இறக்குகிறீர்கள், அதுதான் தொந்தரவு. சூடான ஹப் திடீரென்று குளிரும்போது உள்ளிருக்கிற காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஓடுகிற தண்ணீரில் இறக்காமல் இருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டிய நாளில் மேலே ஏறினதும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை பிடித்து ஷூவைக் காயவையுங்க. ஸ்பிரிங்கில் கை வைத்துப் பாருங்க, கரகரப்பு இல்லை என்றால் மழைக்காலம் முடிந்தபின் முன்சக்கர நடுமூடியை மட்டும் எடுத்து கிரீஸ் நிறத்தைப் பார்த்தால் போதும். வெளுத்திருந்தால் திறங்க. புல்லர் இருக்கிறதா?

பாலக்கோடு ஆம்னி:

இல்லை.

ஊத்தங்கரை 800:

என்னிடம் இருக்கிறது. ஆம்னி டிரம்முக்குப் பொருந்துமா என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை தருமபுரி வரும்போது எடுத்து வருகிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டணம் பட்டறை:

டிரம் முகத்தில் போல்ட் ஓட்டை எத்தனை, எந்த இடைவெளி என்று ஒரு படம் எடுத்து இரண்டு பேரும் போடுங்க. பார்த்துச் சொல்கிறேன்.